ஆறு முடிச்சுகள்

மூன்று புட்டிகள், மூன்று டம்ளர்கள், வாழைநாரில் ஆறு முடிச்சுகள். எத்தனை முறை கூட்டினாலும் கணக்கு சரியாகத்தான் வருகிறது. அப்படிச் சரியாக வருவதுதான் இந்த வயதில் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

எண்பதுகளில் ஒரு சித்திரை மாதம். ஆத்தூர்ப் பக்கம் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஒரு பழத்தை வாயில் போட்டதுமே அது எந்தத் தோட்டத்துக் கொடியில் காய்த்தது என்று அப்பா சொல்லிவிடுவார். திண்டுக்கல் கமிஷன் கடைகளில் அந்த நாக்குக்குத் தனி மரியாதை.

அப்பாவின் தங்கையான என் அத்தை, வீட்டாரை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு பாண்டிச்சேரிக்குப் போனவள். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு வருடம் கழித்து இருவரும் முதல்முறையாக வந்தார்கள். தோட்டத்தை ஒட்டிப் பூட்டிக்கிடந்த எங்கள் பழைய வீட்டில் குடியிருக்க அத்தைக்கு ஆசை; அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். மாமா கையில் பிரான்சின் மூன்று ஊர்களின் ஒயின்: போர்தோ, பூர்கோன், ரோன்.

வெயிலில் கெட்டுவிடும் என்று அப்பா புட்டிகளைக் கிணற்றுக்குள் இறக்கினார். எந்தத் தோட்டத்துக் கூடை என்று தெரிய நாரில் முடிச்சுப் போட்டு வைப்பது அவர் தொழில் பழக்கம். மாமா பெயர் சொல்லச் சொல்ல, புட்டிக் கழுத்துகளிலும் போர்தோவுக்கு ஒன்று, பூர்கோனுக்கு இரண்டு, ரோனுக்கு மூன்று என்று முடிந்தார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். மாமா முடிச்சுகளைக் கவனிக்கவில்லை.

சாயங்காலம் தூக்கியபோது லேபிள்கள் ஊறிக் கழன்று தண்ணீரோடு போயிருந்தன.

“போனா போகுது மச்சான். குடிச்சா எது எந்த ஊர் மண்ணுன்னு நான் சொல்லிடுவேன்.”

“அம்புட்டு நாக்கா மாப்பிள்ளைக்கு?” அப்பா சிரித்தார். “மூணையும் சரியாச் சொல்லிட்டா இன்னைக்கே வீட்டுச் சாவிய வாங்கிக்கங்க.”

அத்தை சிரிக்கவில்லை. “வெளையாட்டுக்குச் சொல்லாதண்ணே.”

“நான் என்னைக்கு வாக்கு மாறியிருக்கேன்?”

அப்பா மோட்டார் ரூமுக்குள் போய், வரிசையைக் கலைத்து மூன்று டம்ளர்களில் ஊற்றினார். புட்டிகளை அதே வரிசையில் அங்கேயே நிறுத்திவிட்டு வந்தார்.

மாமா முதல் டம்ளரை முகர்ந்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். “மிளகு வாசம் வருது பாருங்க. வெயில் ஊரு. ரோன்.” அடுத்தது: “நாவப்பழமாட்டம் நாக்க இறுக்குது. போர்தோ.” மூன்றாவதை விழுங்க மனமில்லாமல் வாயிலேயே வைத்திருந்தார். “இது மெலிசு. மழை பேஞ்ச மண்ணு. பூர்கோன். நீங்களே குடிச்சுப் பாருங்க மச்சான், உங்க நாக்குக்குத் தெரியும்.”

குடிப்பழக்கமே இல்லாத அப்பா மூன்றிலும் ஒவ்வொரு வாய் குடித்தார். அவர் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு மிச்சத்தைத் தரையில் கொட்டினார்.

“மூணும் தப்பு.”

மாமா வெறும் டம்ளரை முகர்ந்து பார்த்தார். “நாக்கு செத்துப்போச்சு போல” என்றார் மெதுவாக. அத்தை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். அதற்கப்புறம் அவள் அந்த ஊருக்கு வரவேயில்லை.

நான் புட்டிகளை எடுக்க மோட்டார் ரூமுக்குள் போனேன். முதல் புட்டியில் மூன்று முடிச்சு, அடுத்ததில் ஒன்று, கடைசியில் இரண்டு. மாமா சொன்ன அதே வரிசை. அப்பா சொன்னது தப்பாயிருக்காதே என்று வெளியே ஓடிவந்தேன்.

“அப்பா, முடிச்ச மாத்திப் போட்டுட்டீங்கப்பா!”

பஸ் இன்னும் வரவில்லை. ரோட்டோரம் இருவரும் நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. அப்பா அந்தப் பக்கம் பார்த்தபடி, “ஆமாடா, தப்பாத்தான் போட்டுட்டேன்” என்றார். உள்ளே போய் ஆறு முடிச்சுகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

அப்பாவிடமே ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.