பெண் நண்டின் அடிவயிறு

நான் பயந்தாங்கொள்ளி. லிஃப்டில் தனியாக ஏறப் பயம், கிளினிக்கிலிருந்து போன் வந்தால் பயம், மேலதிகாரி “கொஞ்சம் உள்ள வாங்க” என்றால் பயம். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: கடலிலிருந்து மனிதர்கள் எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்வது.

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் இருக்கும் எங்கள் சின்ன ஆலோசனை நிறுவனத்துக்கு அப்போது மலேசியாவின் ஜோகூர்க் கரையோர மீனவக் கிராமம் ஒன்றின் வேலை வந்திருந்தது. அங்கே பிடிபடும் பூ நண்டில் பெரும்பகுதி சிங்கப்பூருக்குத்தான் வருகிறது. நண்டும் அழியக்கூடாது, படகுக்காரர்களும் பட்டினி கிடக்கக்கூடாது. அதற்கு வரும் பருவத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்று நான் ஓர் அளவு சொல்ல வேண்டும். அதற்குக் கட்டுப்படுவதாகக் கிராமமும் ஒப்புக்கொண்டிருந்தது. கடலுக்குள் எத்தனை நண்டு இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பிடிபட்டதை வைத்துப் பிடிபடாததை ஊகிப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஊகம் முழுக்க ஒரே நம்பிக்கையின் மேல் நின்றது: வயிற்றில் முட்டைக் கொத்தோடு வரும் பெண் நண்டைப் படகுக்காரர்கள் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். முட்டையோடு வந்தால் வாங்குவதில்லை என்று வியாபாரிகளும் விதி போட்டிருந்தார்கள். ஆகவே தாய்கள் பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்தேன்.

என் வேலை முடிந்துவிட்டது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அளவை அறிவிப்பதுதான் பாக்கி. ஞாயிறு காலையில் கணவரும் நானும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனோம்.

நம் ஜனங்கள் நண்டு வாங்கும் அழகே அழகு. மல்லாக்கத் திருப்பிப் பார்க்காமல் ஒருவரும் வாங்க மாட்டார்கள். அடிவயிற்று மடிப்பு அகலமாக இருந்தால் பெண். ஓட்டுக்குள்ளே, இன்னும் முட்டையாக வெளியே வராத சினை இருக்கும், குழம்பு மணக்கும். என் கணவரும் அந்த வர்க்கம்தான். “பொம்பள நண்டாப் பாத்துப் போடுங்க” என்றார். கடைக்காரர் சிரித்தார். “எல்லாமே பொம்பளதான் அண்ணே. ஜோகூர் சரக்கு, காலையில வந்தது.”

வீட்டில் கழுவும்போது ஒரு நண்டின் மடிப்பைத் திறந்தேன். அதற்குள் மெல்லிய மயிரிழைகள் இருக்கும். அவற்றில்தான் தாய் முட்டைக் கொத்தைச் சுமக்கும். இந்த நண்டில் அந்த இழைகள் பாதி பிய்ந்திருந்தன. ஓடு கீறியிருந்தது. மூலையில், ரவையைவிடப் பொடியாக, சில ஆரஞ்சு மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மடிப்பே பிரஷ் வைத்துத் தேய்த்த பாத்திரம் போல இருந்தது. அடுத்ததைத் திறந்தேன். அதிலும் அப்படியே.

முட்டையைச் சுரண்டிக் கடலில் கொட்டிவிட்டு, தாயைக் கூடையில் போட்டிருக்கிறார்கள். விதிப்படி பார்த்தால் அது முட்டையில்லாத நண்டு. அப்படியானால் நான் ‘பத்திரமாக இருக்கின்றன’ என்று எழுதி வைத்த தாய்களெல்லாம் தேக்காவில் நம் பைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. நான் சொல்லப்போகும் அளவு அவற்றை அடியோடு துடைத்துவிடும்.

அல்லது அப்படி எதுவுமே இல்லை. முட்டை பொரிந்து போன பிறகும் சில மணிகள் ஒட்டியிருப்பதுண்டு. ஐஸ் பெட்டியில் உரசி இழை பிய்வதும் உண்டு. இரண்டு நண்டுகளை வைத்து என்ன சொல்ல முடியும்?

கணவர் அதைத்தான் கேட்டார். “ரெண்டு நண்டப் பாத்துட்டு ஒரு ஊரு சோத்துல கை வைக்கப் போறியா?”

“வைக்காம விட்டு, நண்டே இல்லாமப் போச்சுன்னா?”

“போன வருஷமும் வந்துச்சுதான? இந்த வருஷமும் வந்திருக்கு. நீ ஓவரா பயப்படுற லா.”

என்னை நடுங்க வைத்ததே அதுதான். நண்டு கடைசி வருஷம்வரை வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கடுத்த வருஷம் வராது. அவர் குழம்பு வைத்துத் தாராளமாகச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

திங்கட்கிழமை கூட்டம் வீடியோவில் நடந்தது. கிராமத்தின் சார்பில் பேசியவர் வயதான ஒரு மலாய்க்காரப் பெண்மணி. மலாயில் அத்தையைக் கூப்பிடுவதுபோல மக்சிக் என்றே கூப்பிடுவோம். கணவர் போன பிறகு படகைத் தன் மகனிடம் ஒப்படைத்தவர். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொண்டோம்.

பார்த்ததைச் சொன்னேன். “யாராவது முட்டையைச் சுரண்டுறாங்களா மக்சிக்?”

“எங்க படகுல இல்ல. அடுத்தவன் படகுக்கு நான் எப்படிச் சத்தியம் பண்றது?”

“அப்படின்னா அளவைப் பாதியாக் குறைக்கச் சொல்லித்தான் நான் எழுதணும்.”

அவர் கேமராவுக்கு அருகில் வந்தார். “சுரண்டுறாங்கன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாது. பயமா இருக்கு.”

“உன் பயத்துக்கு என் மகன் படகைக் கட்டிப் போடணுமா?”

மழுப்பியிருக்கலாம், இன்னும் ஆய்வு தேவை என்று தள்ளிப் போட்டிருக்கலாம். அந்தப் பருவத்துக்குள் ஆய்வு எதுவும் முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். “ஆமா மக்சிக்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

பாதி அளவையே கிராமம் ஏற்றது. சுரண்டினார்களா என்று விசாரித்ததில் சிலர் உண்டு என்றார்கள், சிலர் இல்லவே இல்லை என்றார்கள். நண்டு பெருகுகிறதா என்று தெரிய இன்னும் சில பருவங்கள் ஆகும். அப்போதும் அது என் முடிவாலா, நல்ல மழையாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த கூட்டத்தில் மக்சிக் கோபமாக இல்லை. கோபித்திருந்தால் தேவலை. “பாதி நண்டுக்கு டீசல் கட்டுப்படியாகல. படகை வித்துட்டோம். மகன் உங்க ஊருக்குத்தான் வேலைக்கு வர்றான், தினமும் உட்லண்ட்ஸ் வழியா” என்றார்.

என் வீடு உட்லண்ட்ஸில்தான். காலையில் நான் ரயிலேறப் போகும் நேரத்தில்தான் ஜோகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி வந்த கூட்டம் தூக்கக் கலக்கத்தோடு எதிரே வரும். அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. வெயிலில் கறுத்த இளைஞன் எவன் எதிரே வந்தாலும் தலையைக் குனிந்துகொள்கிறேன். நண்டு திரும்பி வந்தால் அவனும் கடலுக்குத் திரும்புவானா என்று மக்சிக்கிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.