பிளக் பாயிண்ட்டைக் கழற்றலாமா?

வேலைக்குக் கிளம்பும்போது நான் கம்ப்யூட்டரை அணைப்பதில்லை. இதனால் ஜெர்மனியில் என்னைப் பற்றி ஒரு வதந்தியே கிளம்பிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் ஃப்ராவ் லேமான் ஒரு குளிர்காலக் காலையில் படிக்கட்டில் என்னை நிறுத்தி, நீ போன பிறகும் உன் ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறதே, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கம்ப்யூட்டர் மட்டும்தான் என்றேன். அப்படியானால் யாருக்காக எரிகிறது என்றார். எங்கள் ஊரில் எங்கள் சுரங்கம், எங்கள் நிலக்கரி, எங்கள் கரண்ட், அதனால் யாரும் சுவிட்சைத் தேடிப்போய் அணைப்பதில்லை என்று என் அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். அவர் முகம் மாறியது. அடுத்த வாரம் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்து "கூட்டன் மார்கன்" என்று காலை வணக்கம் சொன்னார்கள். இந்தியாவில் சொந்தமாகச் சுரங்கம் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் என்று பரவியிருக்கிறது. திருத்தியிருக்கலாம். அதற்கு வேண்டிய ஜெர்மனும் என்னிடம் இல்லை, ஆசையும் இல்லை.

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூத்து புரியும். சுரங்கத்தை 'நம்ம மைன்ஸ்' என்போம். குடியிருக்கும் கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒரு செங்கல்கூட நம்முடையது இல்லை. அப்பா கரூர்ப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்தவர், மைன்ஸில் எலக்ட்ரீசியன். நகரியத்துக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் கரண்ட் போய்ச் சனங்கள் வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, எங்கள் பிளாக்கில் பட்டப்பகலில் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கரித்தூள் படிந்தால் பெயின்ட் பிரஷால் தட்டித் துடைப்பேன், கழற்றிப் போட்டுத் திரும்ப மாட்டுவேன், அது உயிர்பெறும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். முதன்முதலில் நானாக எழுதிய புரோகிராம் அப்பாவின் ஷிப்டைச் சொல்வது. எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அன்றைக்குப் பகலா, நைட்டா என்று காட்டும். அம்மாவைக் கூப்பிட்டு, பத்து வருடம் தள்ளி ஒரு தீபாவளியைப் போட்டுக் காட்டினேன். "அன்னிக்கும் நைட் ஷிப்டுதானா?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு அது எதுவும் உறைக்கவில்லை. விடை சரியாக வந்துவிட்டது என்று ஹாலில் குதித்தேன். அந்தச் சந்தோஷத்தை நம்பித்தான் கல்லூரி, வேலை, விமானம் எல்லாம்.

ஜெர்மனியில் வந்து சேர்ந்த இடமும் பழுப்பு நிலக்கரி பூமிதான். சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட்டுகளைக் கண்காணிக்கும் மென்பொருள் எங்கள் அலுவலகத்தில் தயாராகிறது. முன்பு நானே எழுதினேன். இப்போது ஏ.ஐ. இயந்திரம் எழுதுகிறது, நான் படித்துப் பார்த்துச் சரி என்கிறேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. எந்த நாளில் எனக்குக் கம்ப்யூட்டர்மேல் இருந்த பிரியம் போனது என்று தெரியவில்லை. போனதற்காக வருத்தம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சோறு சாப்பிடுகிறேன், டிராம் ஏறுகிறேன், சரி என்கிறேன். ஊருக்குப் போகவும் தோன்றவில்லை, இங்கே இருக்கவும் தோன்றவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் குளிர் என்பார்கள், வைட்டமின் மாத்திரை சொல்வார்கள். நானும் வாங்கிச் சாப்பிடுகிறேன்.

இந்த நிலையில்தான் அப்பா ஓய்வுபெற்றார். ஓய்வுபெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அங்கே எல்லோருக்கும் வருகிற நாள்தான் அது. மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பார்ப்பது என்று முடிவானது. எத்தனை அறை என்பதில் மட்டும் அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், போனில் கேட்டார்.

"நீ வர்றதா இருந்தா ரெண்டு ரூமா பார்க்கிறேன் கண்ணு. இல்லைன்னா எங்களுக்கு ஒண்ணு போதும். உனக்குக் கம்ப்யூட்டர்னா உசுரு, இங்க வந்து என்ன பண்ணுவே, அதுவும் இருக்கு."

"முன்ன மாதிரி இல்லப்பா. அதைத் தொடவே பிடிக்கல."

லீவு போட்டு நன்றாகத் தூங்கு, சரியாகிவிடும் என்றார் அப்பா. ஷிப்ட் பார்த்தவர்களுக்கு எல்லா வியாதிக்கும் மருந்து தூக்கம்தான். வருகிறேன், வரவில்லை என்று நானும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு கிடந்த பெண்ணைத்தான் அவர்கள் அனுப்பி வைத்தார்கள். அந்தப் பெண் இல்லாமல் நான் மட்டும் போய் இறங்கி என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து அப்பா வீடியோவில் அழைத்தார். சாமான்கள் கட்டியாகிவிட்டன, ஹால் காலியாக இருந்தது, அவர் குரல் எதிரொலித்தது. சாவியைக் கொடுக்குமுன் வீட்டை ஆரம்பத்தில் இருந்தபடி ஆக்கித் தர வேண்டும். ஆணிகளைப் பிடுங்கிவிட்டார், அம்மா ஆசையாக அடித்த சமையலறைப் பலகையையும் கழற்றிவிட்டார். அதற்கெல்லாம் யாரையும் கேட்கவில்லை. கேமராவை ஹால் சுவரின் கீழ்ப்பக்கம் காட்டினார். கம்ப்யூட்டர் வந்த அன்று சாயங்காலமே, சுவிட்ச் போர்டிலிருந்து தனியாக ஒயர் இழுத்து அவர் மாட்டிய பிளக் பாயிண்ட். அனுமதி இல்லாமல் ஒரு ஒயர்கூட இழுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் மனிதர் செய்த ஒரே திருட்டு வேலை.

"இதைக் கழட்டலாமா கண்ணு?"

அம்மா போனை வாங்கி, அவசரம் ஒன்றுமில்லை, யோசித்துச் சொல் என்றார். எனக்கான அறையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும். அந்தச் சதுர வெள்ளைப் பிளாஸ்டிக்கையே பார்த்தேன். ஏதாவது பொங்கி வரும் என்று காத்திருந்தேன்.

"கழட்டிடுங்கப்பா."

மெயினை முன்பே அணைத்திருந்தும், அப்பா டெஸ்டர் வைத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். அந்த வாரமே ஒற்றை அறை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

வீட்டைச் சரிபார்க்கக் கம்பெனியிலிருந்து வந்தவர், அப்பா சொன்ன பிறகு, பூசி மறைத்த அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாராம். "நானும் தடவிகினேதான் இருக்கேன், இங்க ஒண்ணு இருந்த மாதிரியே தெரியலையே சார்" என்றாராம். அப்பா பெருமையாகச் சொன்னார். நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றேன். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், இங்கேயும் இதே விதிதான், வீட்டைக் காலி செய்யும்போது ஓட்டையெல்லாம் அடைத்து வெள்ளையடித்துத்தான் சாவி தர வேண்டும் என்று சொன்னேன்.

"அதுக்கென்ன, கிளம்பறப்போ சொல்லு கண்ணு. நான் வந்து பூசித் தர்றேன்."

எங்கே கிளம்பும்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.