பல்செட்டுப் பட்டறையில் எழுந்த சோழர் படை

கல்லூரியொன்றில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் கட்டுரைகளில் பிழைகள் இருந்ததுண்டு. பிறர் சுட்டியபோது திருத்தியும் இருக்கிறேன். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், ஓர் அஞ்சலட்டை அளவே இருந்த காகிதத்தில் நான் எழுதிவைத்த பொய்யொன்றை எவரும் சுட்டவில்லை. அது பொய்யென அறிந்தவர்கள் ஒரே ஒரு குடும்பத்தார். அவர்கள் வாய் திறக்கவில்லை. என் அகவை எண்பதைக் கடந்துவிட்டது. நான் எழுதாமற் போனால் அந்தக் காகிதத்தில் உள்ளதே உண்மையாக நின்றுவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஐம்பது வயதை எட்டுமுன்பே மேற்பல்வரிசை முழுவதையும் இழந்தேன். மயிலாப்பூரில் எனக்கு மருத்துவம் பார்த்தவர், செயற்கைப் பல்வரிசையை ஆழ்வார்பேட்டையில் ஒரு பட்டறையில் செய்வித்துத் தந்தார். மக்கள் வழக்கில் பல்செட்டு. அது ஈற்றை அழுத்திப் புண்ணாக்கியது. நேரே பட்டறைக்கே சென்று இழைத்துக்கொள்ளும்படி அனுப்பினார். மாடிப்படியின் கீழே ஒடுங்கிய ஓர் அறை. நீரில் குழைத்தால் கல்லாக இறுகும் மாவுக்கல்லில் எடுத்த தாடை அச்சுகள் சுவரோரம் அடுக்கடுக்காக வாய் திறந்திருந்தன. காத்திருந்த வேளையில், லஸ் முனையின் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய அயல்நாட்டு இதழொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மேசைமீது சிறு போர்வீரர் உருவங்களை அணிவகுத்து, அளவுகோலால் தொலைவு அளந்து, பகடை உருட்டிப் பண்டைப் போர்களை மீண்டும் நடத்துவோரின் இதழ் அது. பொருள் குறைந்தவர்கள் மலிவான பொம்மைகளை வாங்கித் தலையை மாற்றி, கையை வெட்டி ஒட்டித் தமக்கு வேண்டிய படையைச் செய்துகொள்வதைப் படத்துடன் விளக்கியிருந்தார்கள். எனக்கோ நெடுநாளாக ஓர் ஆசை: தக்கோலப் போரை, யானை மீதிருந்தபடியே சோழ இளவரசன் உயிர் துறந்து சோழர் தோற்ற அந்தப் போரை, ஒரு மேசைமேல் காணவேண்டும். அயல்நாட்டு உருவங்களை வரவழைப்பதென்றால் ஒரு சிறு அணிக்கே என் ஊதியத்தில் பாதி போய்விடும். தவிரவும், சோழ வீரனை அங்கே எவர் வார்க்கிறார்?

என் பல்செட்டை இழைத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். என் வயதை ஒத்தவர். தலைமுறைகளாக அப்பகுதியில் வாழும் தமிழ் இசுலாமியக் குடும்பத்தவர்.

“இன்னா சார் இது, பொம்மையா?”

விளக்கினேன். இதழைக் கையில் வாங்கி, விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“பல்லு எடுக்கறவனுக்கு மூக்கு எடுக்கறது கஷ்டமா? மெழுகுல எடுத்துடலாம் சார்.”

அவ்வாறுதான் தொடங்கியது. அடுத்த ஞாயிறன்று பாண்டி பசாரின் நடைபாதையில் ஒரு பொட்டலம் பச்சைப் பொம்மைச் சிப்பாய்களை வாங்கிச் சென்றேன். அவர் கத்தியைச் சாராய விளக்கில் சுடவைத்து இரும்புத் தொப்பியைச் சீவினார், துப்பாக்கியை அறுத்தார், பல் செதுக்கும் சிறு கரண்டியால் உருக்கிய மெழுகை வைத்து, பின்கொண்டையும் தார்பாய்ச்சிய வேட்டியும் இழைத்தார். அந்த ஒரு வீரனை மாவுக்கல்லில் அழுத்தி இருபாதி அச்சு எடுத்தார். பல்செட்டுக்குத் தூளும் நீர்மமும் கலந்து பிசையும் மாவில் சில நாள்களில் விரற்கடை அளவு மிஞ்சும். அதுவரை எறிந்துவந்ததை இனி அச்சில் அடைத்து, பல்செட்டுகள் வேகும் அதே கொதிநீரில் போட்டுவிடுவார். வாரத்துக்கு மூன்று வீரர். நல்ல வேலை வாரத்தில் நால்வர். ஈறு நிறத்தில், இளஞ்சிவப்பாக, ஆடையற்ற குழந்தைகளைப் போல வெளிவருவார்கள்.

“ஆழ்வார்பேட்டைப் பெருசுங்க எல்லாம் எதை வெச்சு முறுக்கு கடிச்சுக்கினு கீதுங்களோ, அதே சரக்குதான் உங்க சோழ சேனை” என்பார்.

துடைப்ப ஈர்க்கு ஈட்டியாயிற்று. பல்செட்டைப் பிடித்து நிறுத்தும் கம்பியின் துண்டுகள் வில்லாயின. இரவிக்கையில் தைக்கும் அழுத்துபொத்தான்கள் கேடயங்கள். வண்ணம் தீட்டுவது என் பங்கு; அதிலும் கண்ணை வரைய என் கை நடுங்குமாதலால் கண்கள் அவருடையவை. என் உண்மையான பங்கு ஒன்றே: பிழை கண்டுபிடித்தல். பொம்மைக் கடையில் கிடைத்த யானைகள் அனைத்தும் ஆப்பிரிக்க யானைகள். காதுகள் முறம்போல் இருந்தன. அவற்றைக் களத்தில் இறக்க நான் ஒப்பவில்லை.

“காது பெருசா இருந்தா இன்னா வாத்யாரே, ராஜா சொல்றது நல்லா கேக்கும்ல?”

ஒப்பவே இல்லை. பதினான்கு யானைகளின் இருபத்தெட்டுக் காதுகளையும் பல் இராவும் பொறியால் அவர் குறைத்தார். அதற்குள் ‘சார்’ போய் ‘வாத்யாரே’ வந்திருந்ததைக் கவனிக்கிறேன். முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. வாடிக்கையாளர் அமரும் விசிப்பலகையிலிருந்து உள்ளே, அவருடைய வேலைமேசைக்கு அருகில் ஒரு முக்காலிக்கு நானும் இடம் மாறியிருந்தேன்.

விளையாட்டின் விதிகளை நான் எழுதினேன். அணி கலைந்து ஓடுமா நிற்குமா என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு ‘ஊக்க எண்’ எனப் பெயரிட்டேன். படித்துக் காட்டியதும் அவர் சிரித்தார். “தில்லுன்னு எழுதுங்க வாத்யாரே. ஊக்கம்னா பேதி மருந்து மாதிரி கீது.” விதியேட்டில் ஊக்கம் என்றே இருந்தது, விளையாட்டில் இருவரும் தில் என்றே சொன்னோம்.

ஞாயிறு பிற்பகல்களில் பட்டறைக்குக் கதவடைத்து, மாவுக்கல் பீப்பாய்கள்மீது ஒரு பழைய கதவைக் கிடத்திப் போர் செய்வோம். நான் சோழன், அவர் எதிரிப் படை. பெரும்பாலும் அவரே வென்றார். “உங்க புக்குலயே நான்தான ஜெயிச்சேன், அப்புறம் ஏன் மூஞ்சிய தூக்கிக்கினு கீறீங்க?” என்பார். ஒருநாள் பகடை என்னை முற்றிலும் கைவிட்டது. இளவரசனின் யானையைக் களத்திலிருந்து அகற்றும் முறை வந்தது. விதி நான் எழுதியதே. ஆயினும் கை எழவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பகடையை எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “இன்னிக்கு ராஜா பொழைச்சுப் போவட்டும். டீ சாப்பிடலாம் வாங்க.” விதிமீறலை நான் மனமுவந்து ஏற்றுக்கொண்டது வாழ்வில் அந்த ஒரு முறைதான்.

‘மேல்பல்லுக் கட்டப் போன மனுஷர் மூணு வருஷமா வீடு திரும்பலை’ என்று என் மனைவி உறவினரிடம் சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் அது வெளிப்படை. கல்லூரியில் மட்டும் மறைத்தேன். ஞாயிறுகளில் எங்கே போகிறீர்கள் என்று உடன் பணியாற்றுவோர் கேட்டால் நூலகம் என்பேன். பொம்மை வைத்து ஆடுகிறேன் என்பதைக்கூடச் சொல்லியிருப்பேன் போலும். யாருடன் என்பதைச் சொல்ல நா எழவில்லை. அதற்குக் காரணம் தேடித் தர இன்றும் என்னால் இயலும். எதுவும் அழகாயிராது.

மூன்றாம் ஆண்டில் படை நானூறைத் தொட்டது. கல்லூரி வரலாற்று மன்றம் ஒரு கண்காட்சி வைத்தது. என்னிடம் ஒரு போர்க்களக் காட்சி உண்டு என்று நானே வாய்விட்டுவிட்டேன். அவர் மகிழ்ந்தார். ஒவ்வொரு வீரனையும் பஞ்சில் பொதிந்து, பல்செட்டு அனுப்பும் சிறு அட்டைப்பெட்டிகளில் அடுக்கித் தந்தார். ஒன்றே கேட்டார்: “நாங்களும் வந்து பாக்கலாமா வாத்யாரே? உள்ள வுடுவாங்களா?” வரச் சொன்னேன்.

காட்சிக்கு முன்னால் வைக்க ஓர் அட்டை வேண்டும். முதல்நாள் மாலை அதை எழுதினேன். தலைப்பு, போரின் பின்னணி, அதன்கீழ் ‘ஆக்கம்’ என்று என் பெயரும் பட்டமும். தொடர்ந்து சான்றுகள்: கல்வெட்டுத் தொகுதிகள், செப்பேடுகள், ஆய்வு நூல்கள் எனப் பதினொன்று. அவர் பெயர் நினைவில் வராமலில்லை. பேனாவைப் பிடித்தபடி சற்றே நின்றேன். இடம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினொரு சான்றுகளுக்கு இடம் இருந்தது.

அவர் மனைவியுடனும் மகளுடனும் வந்தார். பெருநாளுக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. மனைவி மேசையின் ஒரு முனையில் நின்று யானைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கணவருக்கோ தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். ஆதலால் மகளை அட்டையருகே நிறுத்திப் படிக்கச் சொன்னார். பள்ளி இறுதி வகுப்பில் இருந்த பெண், தெளிந்த குரல். என் பெயரைப் படித்தாள். சான்றுகளைப் படித்தாள், ஒன்று விடாமல். அவர் கைகட்டித் தலை சாய்த்து இறுதிவரை கேட்டார்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான், அத்தா.”

நான் ஆறடித் தொலைவில் கல்லூரி முதல்வருடன் நின்றிருந்தேன். அச்சொற்கள் என் காதில் விழுந்தன. முதல்வர் குனிந்து குதிரையொன்றின் கடிவாளத்தை வியந்து, இவ்வளவையும் யார் கையால் செய்தார்கள் என்று என்னைக் கேட்டார். ஓரிரு அடி எடுத்துவைத்து, அட்டையருகே நின்றவரின் கையைப் பற்றி இழுத்து வந்தால் போதும். “நானேதான் ஐயா. ஓய்வு நேரத்தில்” என்றேன்.

படையைச் செய்தவர் மேசையை இருமுறை சுற்றி வந்தார். சாய்ந்திருந்த ஒரு வேல்வீரனை நிமிர்த்தி வைத்தார். புறப்படுமுன் என்னிடம் வந்து கைகூப்பினார்.

“நல்லா கீது சார்” என்றார்.

அடுத்த ஞாயிறு சென்றபோது பட்டறை பூட்டியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அவ்வாறே. வார நாளொன்றில் போனேன். வாங்க என்றார், விசிப்பலகையைக் காட்டினார். முக்காலியில் மாவுக்கல் மூட்டை ஏறியிருந்தது. செட்டு அழுத்துகிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். பின்னர், நான் மனப்பாடம் செய்து சென்றிருந்ததைச் சொன்னேன்: அட்டை அவசரத்தில் எழுதியது, இடம் போதவில்லை, மன்றத்தின் ஆண்டு மலரில் அவர் பெயரை முதலில் வைத்து எழுதிவிடுகிறேன்.

அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

“அட்டையில எழுதலன்னு கோவம் இல்ல சார். அது மறந்துபூட்டீங்கன்னு வெச்சுக்கலாம். பெரியவரு கேட்டாரே, யாரு செஞ்சதுன்னு. அப்ப நான் உங்க முதுகுக்குப் பின்னாலதான் நின்னுக்கினு இருந்தேன்.”

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

“வேணாம் சார். எம் பொண்ணு கேட்டுக்கினு இருந்துச்சு.”

படை முழுவதையும் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன் என்றேன். “உங்க பேரு போட்டாச்சு. உங்களுதுதான்” என்றார். பின்னர், கடுமை சிறிதுமின்றி, வாடிக்கையாளரிடம் ஒரு நாள் தள்ளிச் செட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லும் அதே குரலில், “எங்கயும் எம் பேர எழுத வேணாம் சார். நீங்க எழுதனா இனிமே அது தப்பாத்தான் தெரியும்” என்றார். ஆதலால்தான் இக்குறிப்பில் எவர் பெயரும் இல்லை. அவருடையதை எழுதும் உரிமை எனக்கில்லை. அதை விட்டுப் பிறர் பெயரை எழுதுவது முறையன்று.

அதன்பின் இரண்டு ஆண்டுகள், பல்செட்டை அவரே பழுது பார்த்துத் தந்தார். குறையேதும் வைக்கவில்லை. ஒருமுறை போனபோது அவ்விடத்தில் ஒளிநகல் கடை இருந்தது. மகளுக்கு மணமாகி அடையாற்றில் குடியேறினார்கள், பெற்றோரும் உடன் போயினர் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், தெரு தெரியவில்லை. சில மாலைகள் அடையாற்றின் தெருக்களில், யாரையோ காணவந்தவனைப் போல், பெயர்ப்பலகைகளைப் படித்தபடி நடந்தேன். என்ன சொல்வதற்காக நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

படை என் அலமாரியில் இருக்கிறது. வண்ணம் உரிந்த இடங்களில் ஈறு நிறம் தெரிகிறது. என் மனைவி இருந்தவரை, யாராவது ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஆடலாமே என்பாள். கற்றுக்கொள்ள ஆள் கிடைத்திருப்பார். எதிர்ப்பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தி எதிரிப் படையின் குதிரைகளை அந்தப் புதியவர் கையால் நகர்த்தவிட எனக்கு மனம் வரவில்லை. தனியே ஒருமுறை வீட்டில் ஒரு பலகையைக் கிடத்தி இருபுறமும் அணிவகுத்துப் பார்த்தேன். இரு தரப்புக்கும் நானே பகடை உருட்ட வேண்டியிருந்தது. இரண்டாம் உருட்டலில் நிறுத்திவிட்டுப் பெட்டிகளில் எடுத்து வைத்தேன்.

இக்குறிப்பில் பிழைகள் இருக்கும். மாவு கொதிநீரில் எவ்வளவு நேரம் கிடந்தது, ஓர் அச்சு எத்தனை வார்ப்புக்குத் தாங்கியது என்பவற்றை நான் அறியேன்; அருகில் அமர்ந்து பார்த்தவன் மட்டுமே, செய்தவன் அல்லேன். அத்தொழில் அறிந்தோர் அருள்கூர்ந்து திருத்துக. அவருடைய வீட்டார் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களிடம் தனியே ஒரு வேண்டுகோள்: அவர் சொற்களை நான் நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன். எங்கேனும் அவற்றை மென்மையாக்கி, எனக்கு ஏற்றபடி மாற்றியிருப்பதாகத் தோன்றினால், என் வரியை அடித்துவிட்டு அவர் உண்மையில் சொன்னதை எழுதுங்கள். அதுவே சரியான பாடம்.