செர்வாவின் வலது கை

கானா நாட்டுக் குமாசி நகரத்துச் சுவாமே மேகசின் பட்டறைப் பேட்டையில் கியர்பாக்ஸ் என்றால் செர்வா நிமாக்கோதான். லாரிக்காரர்களுக்கு அவள் 'மேடம் செர்வா'. நாற்பத்தாறு வயது. அகன்ற தோள்கள், சிரித்தால் காணாமல் போகும் கண்கள், எண்ணெய்க் கறையில் ஊறிய நீல மேலுடுப்பு. தலைத்துணி மட்டும் நாளுக்கு ஒன்று, சலவை மடிப்பு கலையாமல்.

அவள் கைகளில் பட்டறைக் காயங்களுக்குக் குறைவில்லை. இடது சுண்டுவிரல் நகத்தை ஓடிக்கொண்டிருந்த ரேடியேட்டர் விசிறி கொண்டுபோய்ப் பதினெட்டு வருடமாகிறது. வலது முன்கையில் வெந்நீர் பீய்ச்சியடித்த தழும்பு. விரல் முட்டிகளில் ஸ்பேனர் நழுவி வாங்கிய வெட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. இடது மோதிர விரலைச் சுற்றி வெளுத்துப்போன ஒரு வளையம் உண்டு. கல்யாணமான இரண்டாம் மாதம், கையில் ஸ்பேனரோடு பேட்டரி முனையைத் தொட்டுவிட்டாள். மோதிரம் வண்டியின் உடம்பில் பட்டு ஒரே நொடியில் பழுக்கக் காய்ந்தது. அறுத்துத்தான் எடுத்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தழும்புதான் மோதிரம்.

"மத்தவன் பொண்டாட்டி மோதிரத்தைக் கழட்டி வெச்சிட்டு எனக்குக் கல்யாணமே ஆகலன்னு சொல்லிக்கலாம். உன்னால முடியாதுடி," என்பான் அவள் கணவன் ஒடுரோ. அவன் ட்ரோட்ரோ வேன் ஓட்டுகிறவன்; நாளெல்லாம் பயணிகளோடு வாயாடி வாயாடி, வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாது.

காயம் பட்டால் செர்வா பெரிதுபண்ண மாட்டாள். கழுவுவாள், துணி சுற்றுவாள், மேலே பழைய டியூப் ரப்பரை இறுக்கிக் கட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். ஆனால் ஹார்மட்டான் என்ற வறண்ட புழுதிக் காற்று வீசும் அந்தக் காலத்தில் வந்தது காயமே இல்லாத ஒன்று. விடிகாலையில் வலது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயிருந்தன. உதறினால் சரியாகும். ஒரு மாதம் கழித்து, உதறினாலும் சரியாகவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு குடைச்சல், தூங்க விடாது. இஞ்சி அரைத்துப் பூசினாள். உப்புப் போட்ட வெந்நீரில் கையை வைத்திருந்தாள். ட்ரோட்ரோவில் ஜெபம் சொல்லித் தைலம் விற்கிறவனிடம் இரண்டு டப்பா வாங்கினாள். ஷியா வெண்ணெய் தடவித் தடவி, கை வழவழப்பானதுதான் மிச்சம்.

யாரிடமும் சொல்லவில்லை. நட்டு கையிலிருந்து நழுவினால் வேண்டுமென்றே போட்டதுபோல் குனிந்து எடுப்பாள். பக்கத்துக் கொட்டகையில் வண்டிக்கு வயரிங் செய்யும் எஸ்ஸுமன் மட்டும் கவனித்துவிட்டான். கடற்கரைப் பக்கத்து ஆள், ஐம்பது வயது, சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் பட்டாலும் முகம் சுளிப்பான்.

"சிஸ்டர், இன்னிக்கு நாலாவது தடவை அந்த போல்ட்டு கீழ விழுது. கையில எர்த் போயிடுச்சா?"

"உன் வேலையைப் பாரு. உன் வாயிலதான் ஃபியூஸ் போகணும்."

"போனா நீதான் மொதல்ல அழுவ. பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா?"

முமுனியின் லாரி வந்தது அந்த வாரத்தில்தான். எஜுராவிலிருந்து சேனைபோல் கனத்த யாம் கிழங்கு ஏற்றி வருகிறவன். பன்னிரண்டு வருட வாடிக்கை. கியர்பாக்ஸை இறக்கி, தேய்ந்த பல்சக்கரங்களை மாற்றி, திரும்பப் பூட்டினாள். தண்டில் வெட்டிய பள்ளமான காடிக்குள் ஒரு லாக் வளையம் உட்கார வேண்டும். அது முழுசாக உட்கார்ந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். தடவினாள். விரல் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகத்தான் இருக்கும் என்று மூடிவிட்டாள்.

நான்காம் நாள் முமுனி லாரியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான்.

"மேடம், மூணாவது கியர் நிக்கவே மாட்டேங்குது. போட்டா தள்ளிவிடுது. மேட்டுல பின்னால உருண்டு, நல்லவேளை, ஒரு மண்மேட்டுல முட்டி நின்னேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

செர்வா பிரித்தாள். வளையம் காடியை விட்டு வெளியே வந்து, வளைந்து கிடந்தது. முமுனி எட்டிப் பார்த்தான்.

"பார்ட்ஸ் கடைக்காரன் மட்டமான சாமானைக் குடுத்திருப்பான். அந்த ஆளை நான் கேக்கிறேன்."

அவன் நீட்டியது நல்ல சாக்கு. எடுத்துக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. செர்வா அந்த வளையத்தைத் துணியால் துடைத்தாள். மேட்டில் பின்னால் உருண்ட லாரிக்குக் கீழே, சாலையோரம் ஆரஞ்சு விற்கிற பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அவள் கண்ணில் வந்தது.

"சாமான் நல்ல சாமான், முமுனி. நான்தான் சரியா உக்கார வைக்கல. என் விரலுக்கு உணர்ச்சி இல்ல. மூணு மாசமா இல்ல."

எஸ்ஸுமன் தன் வயர்களை விட்டுவிட்டு எழுந்து நின்றான். முமுனி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"இத்தனை வருஷத்துல ஒரே தடவை. எங்க வீட்டுல ரெண்டு பொண்டாட்டி. நாளுக்கு ரெண்டு தடவை குழம்புல உப்பு மறக்கிறாங்க. நான் என்ன, பொட்டியைக் கட்டிக்கிட்டா போயிட்டேன்?" என்றவன், குரலை இறக்கிக்கொண்டு, "ஆனா கையைக் காட்டுங்க மேடம். கியர்பாக்ஸை வேற யார்கிட்ட கொண்டுபோவேன்?" என்றான்.

அன்று புது வளையத்தை எஸ்ஸுமனின் விரலால் தடவச் சொல்லிக் கேட்டுத்தான் மூடினாள். அவன் விரல் நுனியைக் கிரீஸில் வைத்துவிட்டு, செத்த எலியைத் தொட்டவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் ஒடுரோவோடு சாப்பிட உட்கார்ந்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ஆட்டுக்கறி சூப், நடுவே கிழங்கை இடித்துப் பிசைந்த ஃபுஃபு உருண்டை. ஒடுரோ விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்து ஊதிக்கொண்டான். செர்வா பேசிக்கொண்டே மூன்று விரல்களையும் சூப்புக்குள் விட்டு, ஃபுஃபுவைக் கிள்ளி, நிதானமாகத் தோய்த்தாள். விரல்கள் சிவந்தன. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஒடுரோ அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"சுடலையா உனக்கு?"

"சுடுதா?"

ஒடுரோ எழுந்து போய்க் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் விரல்களில் ஊற்றினான். மறுநாள் காலையில் வேனில் ஆள் ஏற்றாமல் வாசலில் நிறுத்திக்கொண்டு ஹாரன் அடித்தான். "ஏறு. ஆஸ்பத்திரிக்கு."

"லாரி ஒண்ணு பிரிச்சபடி கிடக்கு."

"கிடக்கட்டும். அது கொப்புளிக்காது. உன் விரல் கொப்புளிச்சிருக்கு பாரு."

கை, விரல் நோய்களைப் பார்க்கும் டாக்டர் டெட்டே ஒல்லியான பெண். பேச்சில் அவசரமே கிடையாது. செர்வாவின் இரண்டு புறங்கைகளையும் சேர்த்து, மணிக்கட்டு மடங்க, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொன்னாள். அரை நிமிடத்துக்குள் வலது விரல்களிலும், லேசாக இடது விரல்களிலும் எறும்பு ஊறத் தொடங்கியது. உள்ளங்கையின் அடிப்பகுதி தடித்துக் கிடந்ததைப் பார்த்து, "இங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"கியர்பாக்ஸ் மூடி ஒட்டிக்கிச்சுன்னா இப்படி ரெண்டு குத்து." செர்வா மேசையில் குத்திக் காட்டினாள். மேசையிலிருந்த பேனாக்கள் துள்ளின.

"எத்தனை வருஷமா?"

"கியர்பாக்ஸ் வேலை மட்டும் இருபத்து மூணு."

மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது, அதன் வழியாக விரல்களுக்கு ஒரு நரம்பு போகிறது, மேலே ஒரு பட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று டாக்டர் படம் வரைந்தாள். செர்வா முழுக்கக் கேட்கவில்லை. "புரிஞ்சது. உறை இறுகி, உள்ள போற கேபிள் நசுங்குது. உறையைப் பிளந்து விடணும். அவ்வளவுதானே?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் பத்து நிமிஷம் சொல்றதை நீங்க ஒரே மூச்சில சொல்லிட்டீங்க. ஆனா லேட்டா வந்திருக்கீங்க. ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரத்துக்கு அந்தக் கையால ஒரு வேலையும் கூடாது. கனமான வேலை இன்னும் அதிக நாளுக்குக் கூடாது."

அங்கேதான் செர்வா கலங்கினாள். வலியை எண்ணியல்ல. பதினேழு வயதிலிருந்து கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்த நாளே அவளுக்குக் கிடையாது. உட்கார்ந்தால் தான் யார் என்பதே தனக்குத் தெரியாது என்று வேனில் திரும்பும்போது ஒடுரோவிடம் சொன்னாள். "எனக்குத் தெரியும், நான் சொல்றேன்," என்றான் அவன், சாலையைப் பார்த்துக்கொண்டே.

கையை மட்டும் மரத்துப்போக வைத்து ஆபரேஷன் செய்தார்கள். மறைப்புத் துணியை இறக்கச் சொல்லி அடம்பிடித்து, தன் மணிக்கட்டின் உள்புறத்தைப் பார்த்தாள். "டாக்டர், அந்த லைட்டை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க. உங்க நிழல் உங்களுக்கே மறைக்குது." நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் லைட்டைத் திருப்பினாள்.

பிறகு வந்த மூன்று வாரத்தை அந்த முற்றத்துக் குடித்தனக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். வலது கையில் கட்டு. இடது கையால் சாப்பிட முடியுமா? ஸ்பூன் கொண்டுவந்தாள் பக்கத்து வீட்டுக்காரி. ஃபுஃபுவை ஸ்பூனால் தின்பதைவிடப் பட்டினி கிடப்பேன் என்றாள் செர்வா. ஒடுரோ கையைக் கழுவிக்கொண்டு, எல்லார் முன்னாலும், கிள்ளித் தோய்த்து அவள் வாயில் வைத்தான்.

"ஐயோ பாருங்கடி, கல்யாண நாள்லகூட இந்த ஆளு இப்படி ஊட்டல!"

"அப்போ இவ கையை ஓங்கினா அடி விழும்னு பயம். இப்போ கட்டு போட்டிருக்கில்ல," என்றான் ஒடுரோ.

"இடது கை சும்மாதான் இருக்கு," என்றாள் செர்வா, வாய் நிறைய ஃபுஃபுவோடு.

தலைத்துணியையும் அவனே கட்டிவிட்டான். அது ஒருநாள் முட்டைக்கோஸ் மாதிரியும், ஒருநாள் அவிழ்ந்த மூட்டை மாதிரியும் இருந்தது. அவள் அதை அவிழ்க்காமல் அப்படியே பட்டறைக்குப் போனாள். எதிரே பெஞ்சில் உட்கார்ந்து வாயால் வேலை செய்தாள், கை எஸ்ஸுமனுடையது.

"பேரிங்ல ஊசி உருளை இருபத்து நாலையும் எண்ணி வெச்சியா?"

"எண்ணினேன் சிஸ்டர்."

"விரலை விட்டுப் பாரு. எங்கயாவது இடைவெளி தட்டுதா?"

"தட்டல. என் சட்டை போச்சு. இது கேப் கோஸ்டுல தெச்ச சட்டை."

"வேற சட்டை நான் தெச்சுத் தரேன். விரலை எடுக்காதே. இன்னொரு சுத்து."

மூன்றாம் வாரத்தில் அவன் தானாகவே கூப்பிட்டான். "சிஸ்டர், இங்க வா, இந்த வளையம் ஒரு ஓரத்துல லேசா தூக்கின மாதிரி இருக்கு." இருந்தது. செர்வா அவன் முதுகில் இடது கையால் ஓங்கி ஒன்று வைத்தாள், அது பாராட்டு.

கட்டுப் பிரித்தபின் உணர்ச்சி மெல்ல மெல்லத்தான் வந்தது. முதலில் ஆள்காட்டி விரல், பிறகு நடுவிரல். கட்டைவிரல் நுனி மாதக் கணக்கில் காக்க வைத்தது. ஒருநாள் டீக்கடையில் கண்ணாடித் தம்ளரைத் தொட்டு "சுடுது!" என்று கத்தினாள், கடைக்காரி மன்னிப்புக் கேட்க, இவள் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

பழைய பலம் முழுதும் திரும்பவில்லை. டாக்டர் அதை மறைக்காமல் சொன்னாள், செர்வாவும் மறைக்காமல் வாடிக்கைக்காரர்களிடம் சொன்னாள். ஸ்பேனர்களின் பிடியில் ரப்பரைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டாள். இறுகிய நட்டுக்கு நீளமான பைப்பைச் செருகிக்கொண்டாள். உள்ளங்கையால் குத்துவதை விட்டு ரப்பர்ச் சுத்தியல் வாங்கினாள். முன்பு நெஞ்சில் அணைத்துத் தூக்கிய கியர்பாக்ஸுக்கு இப்போது கொட்டகை உத்தரத்தில் ஒரு செயின் பிளாக் தொங்குகிறது. தூங்கும்போது மணிக்கட்டுக்குப் பட்டை. அரைமணிக்கு ஒருமுறை வேலையை நிறுத்திக் கையை உதறிக்கொள்வாள். அப்போது வாடிக்கைக்காரன் அவசரப்படுத்தினால், "நீ வேணா உள்ள கையை விடு," என்பாள்.

சேதி பேட்டையைத் தாண்டியும் போனது. ஒருநாள் தலைமுடி பின்னும் பெமா கொட்டகை வாசலில் தயங்கி நின்றாள். "மேடம், எனக்கும் இந்த மூணு விரல்தான். பின்னும்போது முடி கையில இருக்கா இல்லையான்னே தெரியல." அவளைத் தொடர்ந்து கெங்கே உருண்டைக்குச் சோள மாவு பிசைகிறவள், அப்புறம் ஒரு தையல்காரர், அப்புறம் டயர்க் கடை ஆள் ஒருவன். புறங்கைகளைச் சேர்த்து மடக்கிவைக்கச் சொல்லி செர்வாவே அரை நிமிடம் பார்ப்பாள். "எறும்பு ஊறுதா? செவ்வாய்க்கிழமை வா."

செவ்வாய்க்கிழமை ஒடுரோவின் வேனில் முதல் நடை ஆஸ்பத்திரிக்குத்தான். "மேடம், உங்களுக்கு இங்க ஒரு சம்பளம் போடணும்," என்றாள் நர்ஸ். பெமா ஊசியைப் பார்த்து நடுங்கி, "வலிக்குமா?" என்று செர்வாவின் காதில் கேட்டாள்.

"ஊசி வலிக்கும். அப்புறம் ஒண்ணும் தெரியாது. வீட்டுல ஊட்ட ஆளு இருக்கா?"

"தங்கச்சி இருக்கா."

"போதும். உள்ள போ."

பெமா உள்ளே போனதும் நர்ஸ் நோட்டைப் பிரித்தாள். "சரி, உங்க இடது கைக்கு எப்போ? டாக்டர் ரெண்டு தடவை கேட்டாச்சு."

"யாம் சீசன் முடியட்டும். லாரி வரிசையா நிக்குது."

"தேதி எழுதும்மா," என்றான் பின்னாலிருந்து ஒடுரோ. "இவ வாயை நம்பாதே. அடுத்த மாசம் முதல் செவ்வாய்னு எழுது."

செர்வா திரும்பி அவனை முறைத்தாள். நர்ஸ் எழுதினாள். திரும்பும் வழியில் செர்வா முன்சீட்டில் உட்கார்ந்து வேனின் கியர்பாக்ஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு, "கிளட்ச்சை முழுசா மிதிச்சு கியரை மாத்து, அந்தப் பெட்டி கதறுது," என்றாள். ஒடுரோ முழுசாக மிதித்து மாற்றினான்.