படகு தரை தட்டிய நேரம்

மூன்று வருடத்துக்கு முன்னால், சம்பா அறுவடை முடிந்த கையோடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்கப் படகில் போனோம். எங்களுக்கு வலங்கைமான் பக்கம். வீட்டுக்காரருக்கு வயலை விட்டால் வேறு உலகம் கிடையாது. காலேஜ் படிக்கும் மகள் ஒற்றைக்காலில் நின்றுதான் அன்றைக்கு அவரைக் கிளப்பினாள்.

ஆற்றில் ஆரம்பித்துக் காயல் வரைக்கும் அவ்வளவு சுகமான பயணம். நடுவில் ஒரு திட்டில் இறங்கி, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டோம். "அடிக்கடி வரலாம் போலயே" என்று அவரே சொன்னார். எனக்கு ஆச்சரியம்.

திரும்பும்போதுதான் வினை. தண்ணீர் வற்றிப் படகு தரை தட்டிவிட்டது. "யாரும் இறங்காதீங்க. கடல் தண்ணி ஏறுனா தானா மிதக்கும்" என்று சொல்லிவிட்டுப் படகுக்காரர் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் ஆனது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் மாடு பால் கறக்க ஆளில்லாமல் கத்திக்கொண்டு நிற்கும். இந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கிறதா? "நாள் பூரா சேத்துல நிக்கிற ஆளு, இதுக்குப் பயந்து உக்காந்திருக்கீங்க. இறங்கி ஒரு தள்ளு தள்ளுனா என்னவாம்?" என்றேன்.

மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார், குதித்துவிட்டார். "ஐயோ, வேண்டாங்க!" என்று படகுக்காரர் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முழங்கால் வரை புதைந்தது. சிரித்தார். வயலில் நடக்கிற மாதிரி ஒரு காலை ஊன்றி மறு காலை எடுக்கப் பார்த்தார். வயலில் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருக்கும், கால் நிற்கும். இங்கே தரையே இல்லை. ஊன்ற ஊன்ற இடுப்பு வரை இறங்கிவிட்டார். சிரிப்பு நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. எதற்காக இவ்வளவு நேரம் காத்திருந்தோமோ, அதே தண்ணீர். நெஞ்சுக்கு வந்துவிட்டது. மகள் "அப்பா, அப்பா" என்று அலறுகிறாள். நானே தாலியை அறுத்துக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

படகுக்காரர் விளிம்பில் குப்புறப் படுத்து, அவரைக் கக்கத்தில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டார். படகுக்காரர் விழுந்துவிடாமல் அவர் கால்களை நானும் மகளும் பிடித்துக்கொண்டோம். "காலை ஊனாதீங்க, மல்லாக்க சாயுங்க" என்கிறார் அவர். இவருக்கோ ஆயுசு முழுக்கச் சேற்றில் நின்ற பழக்கம். சாய மாட்டேன் என்கிறது உடம்பு. மறுபடி மறுபடி மிதித்து இன்னும் இறங்குகிறார். "உசுரு வேணும்னா படுய்யா!" என்று படகுக்காரர் போட்ட அதட்டலில்தான் தலையைப் பின்னால் சாய்த்தார். மெல்ல மெல்ல முதலில் ஒரு கால் வந்தது. அப்புறம் இன்னொன்று. வேட்டியைச் சேறு வைத்துக்கொண்டது. ஆளை எங்களிடம் கொடுத்துவிட்டது.

ஊரில் எல்லோரும் விசாரித்தார்கள். "நான் ஒரு அவசரக்குடுக்கை, நானாத்தான் குதிச்சேன்" என்று சிரித்தார். இன்றுவரை யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார். 'நீ சொல்லித்தானே' என்று தனியாகக்கூட ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. அதனாலேயே, அவரைச் சீண்ட வாயெடுக்கும்போதெல்லாம் அந்த நெஞ்சளவுத் தண்ணீர் என் கண்முன் வந்துவிடுகிறது, வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிடுகிறேன்.