இருபத்திரண்டாம் நம்பர் பையன்

இன்று மதியம் அலுவலகத்துச் சமையலறையில் யாரோ பாப்கார்னைக் கருக்கிவிட்டார்கள். மைக்ரோவேவ் கதவைத் திறந்ததும் வெண்ணெயும் கரியும் கலந்த வாசனை எங்கள் மேசை வரிசை வரைக்கும் வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் எழுந்து வெளியே போய் நின்றேன். பாப்கார்ன் வாசனைக்குப் பயப்படும் ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க வேண்டுமென்றால் டெக்ஸாஸில் ரவுண்ட் ராக் பக்கம் வாருங்கள், நல்ல ஃபில்டர் காபியும் தருகிறேன்.

காரணம் ஃபுட்பால்தான். அமெரிக்கர்கள் தோளில் தலையணை கட்டிக்கொண்டு ஆடுகிறார்களே, அந்த ஃபுட்பால். எப்போது விசில் ஊதுகிறார்கள், எதற்கு ஊதுகிறார்கள் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் மகள் ஹைஸ்கூலில் சேர்ந்த வருடம் ஒரு ஆட்டம் விடாமல் போனேன். அவள் பள்ளி மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். இடைவேளையில் இந்தப் பிள்ளைகள் சீருடையும் இறகு வைத்த தொப்பியுமாக மைதானத்தில் இறங்கி, நடந்துகொண்டே வாசிப்பார்கள். அந்த எட்டு நிமிடத்துக்காகத்தான் மிச்ச நேரத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டோம்.

அந்த எட்டு நிமிடமும் லேசில் கிடைக்காது. எங்கள் பள்ளி மைதானத்தில் ஆட்டம் என்றால் பேண்ட் பிள்ளைகளின் பெற்றோர்தான் தின்பண்டக் கடை நடத்த வேண்டும். முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள், ஆனால் எனக்கும் என் கணவருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாது. அதனால் எல்லா முறையும் எங்கள் முறை. கடையில் கூட்டம் முண்டுவதோ இடைவேளையில். மகள் வாசிக்கும்போது நான் நாச்சோஸ் மேல் சீஸ் ஊற்றிக்கொண்டிருப்பேன், காதில் மட்டும் விழும்.

வெளியூர் மைதானத்தில் கடை வேலை கிடையாது. ஆனால் அங்கே வேறு வம்பு. போட்டிகளில் நடுவர்கள் உயரமான கேலரியில் இருப்பார்களாம், அதனால் எப்போதும் அந்தத் திசை பார்த்தே வாசித்துப் பழக வேண்டும் என்பது பேண்ட் டைரக்டரின் கண்டிப்பு. உயரமான கேலரி உள்ளூர்க்காரர்களுடையது. வந்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் சின்னதாக நாலு வரிசை. முதல் வெளியூர் ஆட்டத்தில் அங்கே உட்கார்ந்து நூற்றைம்பது முதுகுகளைப் பார்த்துவிட்டு வந்தோம். அதில் எது எங்கள் பெண்ணின் முதுகு என்று வீடு போய்ச் சேரும்வரை காரில் சண்டை.

"அடுத்த தடவ அந்தப் பக்கமே போய் உக்காந்துக்கலாம். யாரு கேக்கப் போறா?" என்றார் அவர்.

"அவங்க ஆளுங்க நடுவுலயா? எனக்குப் பயமா இருக்குங்க."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்ல?"

அவர் சொன்னது நியாயம்தான். நான் பயந்த சுபாவம். அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா கோயமுத்தூரில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். அப்போது மில்லுக்கு மில் ஃபுட்பால் டீம் இருந்தது, நிஜமாகவே காலால் ஆடும் ஃபுட்பால். ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனார். இடம் கிடைக்காமல் எதிர் மில்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம். எங்கள் மில் கோல் போட்டதும் அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "கை தானா தட்டிரும் கண்ணு, அதான்" என்று காதோரம் சொன்னார். அவர் நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது. அன்றைக்கு யாரும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அப்பா பயந்ததைப் பார்த்த குழந்தைக்கு அதன்பின் வேறு காரணம் வேண்டியதில்லை.

டெக்ஸாஸில் நானும் என் கைகள்மேல் உட்கார்ந்தேன். காரிலேயே என் கணவர் சட்டதிட்டம் போட்டுவிட்டார். பள்ளியின் பச்சை டி-ஷர்ட் கூடாது. ஸ்டேடியத்துக்குள் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் கொண்டுபோகலாம் என்பதால் பையிலும் கூடாது. தமிழில் சத்தமாகப் பேசக்கூடாது. அவர்கள் தட்டினால் தட்ட வேண்டும், அவர்கள் எழுந்தால் எழ வேண்டும். "ஏதாவது பிரச்சன ஆகி போலீஸ் கீலீஸ்னு வந்துச்சுன்னா கிரீன் கார்டு அவ்வளவுதான். ஞாபகம் வெச்சுக்கோ." கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணி வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. தெருவில் காரின் ஹார்ன் அடிக்கக்கூட யோசிப்பார்.

இவ்வளவு பயந்துகொண்டு ஏன் போனீர்கள் என்று கேட்பீர்கள். அந்த முகத்துக்காகத்தான். வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பெண், எது கேட்டாலும் "ஐ'ம் ஃபைன், அம்மா" என்று போனைப் பார்த்தபடி சொல்லும் பெண், வாசிக்கும்போது புருவத்தைத் தூக்கிக்கொண்டு, கன்னம் சிவந்து, எங்களை நேராகப் பார்த்தாள். நாங்கள் எந்த வரிசையில் இருப்போம் என்று அவள் கேட்பாள், முன்பே மெசேஜ் அனுப்பிவிடுவேன். தொப்பிக்கடியில் கண் எங்களைத் தேடி வந்து ஒரு நொடி நிற்கும். இரண்டு ஆட்டம் அப்படிப் பார்த்தேன். என் பயத்துக்கு அந்தக் கூலி போதும் என்றிருந்தது.

மூன்றாவது ஆட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்க வேண்டியது. இடி மின்னலால் சனிக்கிழமை மதியத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ராத்திரியில் கேலரியில் இருப்பவர்கள் முகம் அவ்வளவாகத் தெரியாது, பட்டப்பகலில் எல்லாம் தெரியும். எனக்குக் காலையிலிருந்தே படபடப்பு. அந்தப் பள்ளியின் நிறம் கத்தரிப்பூ நிறம். என்னிடம் அதே நிறத்தில் ஒரு துப்பட்டா இருந்தது. "அதப் போட்டுக்கோ, சேஃப்" என்றார் அவர். போட்டுக்கொண்டேன். அந்தத் துணிதான் எங்களை மாட்டிவிட்டது.

என் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஆன்ட்டி. அவர் தங்கையின் பேத்தி சியர்லீடராம், இந்த மைதானத்துக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறாராம். அலுமினிய பெஞ்ச் சில்லென்று இருக்கிறதென்று தன் போர்வையில் பாதியை விரித்து என்னை அதில் உட்காரச் சொன்னார். பெரிய பாப்கார்ன் வாளியை என் மடிக்கு நகர்த்தினார். கருகின வாசனை அடித்தது. என் துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு, மைதானத்தைக் காட்டி, "விச் ஒன் இஸ் யுவர்ஸ்?" என்று கேட்டார்.

யாருமில்லை, சும்மா பார்க்க வந்தோம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் என் கணவர் குனிந்து, "ட்வென்டி டூ" என்றார். அவர் பிறந்த தேதி இருபத்திரண்டு. பயத்தில் வாயில் வந்த நம்பர் அதுதான்.

எங்களுக்கு முன்வரிசையில் வைக்கோல் நிறத் தொப்பி போட்ட ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். எங்களைப் போலவே மாநிறம். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. சொல்லாமல் லேசாகச் சிரித்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பின் இருபத்திரண்டு கையில் பந்து வந்தபோதெல்லாம் ஆன்ட்டி என் முதுகில் தட்டினார். நானும் அந்தப் பையனைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒல்லியாக இருந்தான். சும்மா நிற்கும்போது காலுறையை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தான். பந்தோடு ஓடினால் எங்கள் பள்ளிப் பையன்கள் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் திக்கென்றது. உங்களிடம் சொல்வதற்கென்ன, அரை மணி நேரத்தில் எங்கள் பள்ளி தோற்றாலும் பரவாயில்லை, இவன் விழாமல் இருந்தால் சரி என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

இடைவேளைக்குச் சில நிமிடம் இருக்கும்போது அவன் விழுந்தான். எங்கள் பள்ளிப் பையன் ஒருவன் பக்கவாட்டிலிருந்து வந்து மோதினான். மோதினவன் எழுந்தான். இவன் எழவில்லை.

விசில் அடித்தது. இரண்டு டீம் பிள்ளைகளும் அங்கங்கே ஒரு காலை மடக்கி முட்டி போட்டார்கள். எதிர்ப்பக்கம் எங்கள் பேண்டின் டிரம் நின்றது. அத்தனை ஆயிரம் பேர் இருந்த இடத்தில் கொடிக்கம்பத்துக் கயிறு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அடுத்தவள் பெற்ற பிள்ளையை வாய் கூசாமல் எங்கள் பிள்ளை என்று சொன்னோமே, அதுதான் பட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது. எங்கள் ஊர் அம்மனுக்கு அங்கேயே நேர்ந்துகொண்டேன்.

ஆன்ட்டி என் இரண்டு கைகளையும் பிடித்தார். "கோ, ஹனி. கோ டு ஹிம்" என்றார். பிறகு எழுந்து நின்று, பையனின் அப்பா அம்மா வருகிறார்கள், வழி விடுங்கள் என்று கணீரென்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான். படிக்கட்டில் இருந்தவர்கள் எல்லாம் ஒதுங்கினார்கள். யார் யாரோ எங்கள் தோளைப் பிடித்து, முதுகைத் தடவி, கீழே கீழே என்று நகர்த்தினார்கள். காட் பிளஸ் யூ என்றார்கள். ஒரு பெண் அழுதாள்.

முன்வரிசைத் தொப்பிக்காரரும் எழுந்து படிக்கட்டுப் பக்கம் வரப் பார்த்தார். ஒரு தடியான ஆள் கையை நீட்டி அவரை மறித்து, முதலில் பெற்றோர் போகட்டும் சார் என்றார். தொப்பிக்காரர், "மை பாய்" என்றார். குரல் எழும்பவே இல்லை. யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

என் கணவர் என் மணிக்கட்டை இறுக்கினார். "வாயத் தொறக்காத. கீழ போனதும் அப்படியே கேட்டு வழியா வெளிய போயிரலாம்."

அவரைக் குறை சொல்லவில்லை. அந்த ஒரு நொடி எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டு படி இறங்கியும்விட்டேன். மூன்றாவது படியில் கால் வரவில்லை. திரும்பி, "எங்க பையன் இல்லீங்க" என்றேன். தமிழில்தான் வந்தது. எல்லோரும் அனுதாபத்தோடு பார்த்தார்கள். பிறகு எப்படியோ ஆங்கிலம் வந்தது. அவன் எங்கள் பிள்ளை இல்லை, அவருடைய பிள்ளை, அவரை விடுங்கள், நாங்கள் அந்தப் பக்கத்து ஆட்கள் என்று கையை நீட்டிக் கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

தடியான ஆள் கையை எடுத்தார். தொப்பிக்காரர் என்னை உரசிக்கொண்டு படிகளில் ஓடினார். மைதானத்தில் ஓடும்போது ஒரு தடவை தடுக்கி, கையை ஊன்றி எழுந்து ஓடினார். மகன் பக்கத்தில் மண்டியிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தப் பையனின் கால் அசைந்தது. அப்பா குரல் கேட்டதால்தானா, தற்செயலா, எனக்குத் தெரியாது. நாங்கள் பேசாமல் இருந்திருந்தால் எவ்வளவு நேரம் கழித்து அவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்பதை நினைக்க இப்போதும் பயமாக இருக்கிறது.

ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது அவன் ஒரு கையைத் தூக்கினான். இரண்டு கேலரியும் எழுந்து தட்டின. நானும் தட்டினேன். சத்தம் அடங்கியதும் எங்களைச் சுற்றி ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருப்பதைக் கவனித்தேன்.

ஆன்ட்டி மட்டும் படியில் இறங்கி வந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வீ வேர் ஸ்கேர்ட்" என்றார் என் கணவர்.

ஆன்ட்டி மடித்த போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "ஆஃப் அஸ்?" என்றார்.

பாப்கார்ன் வாசனை என் விரல்களில் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டோம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்றபோது இடைவேளை வந்து பேண்ட் வாசிக்கத் தொடங்கியது. கேலரியின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே மனிதர்களின் செருப்புக் கால்கள்தான் தெரிந்தன. முடியும்வரை நின்று கேட்டோம்.

திரும்பும்போது மகள் பின்சீட்டில் தொப்பிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "வேர் வேர் யூ கைஸ்? ஐ லுக்ட்" என்றாள்.

"பாத்தோமே தங்கம். சூப்பரா வாசிச்ச" என்றார் அவர்.

அன்றைக்கு அது இரண்டாவது பொய். நான் அதையும் திருத்தவில்லை. அவள் கொஞ்ச நேரம் எங்கள் தலைகளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஓகே" என்றாள். இரண்டு காலி இடங்களை அவள் பார்த்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

இருபத்திரண்டுக்குத் தோளில் காறை எலும்புதான் முறிந்திருந்ததாம். அடுத்த வருடம் மறுபடி ஆடினானாம். அவன் விழுந்த வருடம்தான் அப்பாவும் பிள்ளையும் அந்த ஊருக்குக் குடிவந்திருந்தார்களாம், அங்கே அவர்களையும் யாருக்கும் தெரியாதாம். இதெல்லாம் மகள் எங்கிருந்தோ கேட்டு வந்து சொன்னது. அந்தத் தொப்பிக்காரர் ஏன் அன்றைக்குச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

மகள் இன்னும் மூன்று வருடம் வாசித்தாள். உள்ளூர் ஆட்டங்களில் கடையில் நின்றோம், முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ள அந்த மூன்று வருடமும் போதவில்லை. வெளியூர் ஆட்டங்களில் எங்கள் பக்கத்து நாலு வரிசையிலேயே உட்கார்ந்தோம். பச்சை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, வாய்விட்டுத் தமிழ் பேசிக்கொண்டு, கை வலிக்கத் தட்டினோம். எது அவள் முதுகு என்று சண்டையில்லாமல் சொல்லப் பழகிவிட்டோம். அதன்பின் எந்த வரிசை என்று மெசேஜ் அனுப்பச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

இப்போது அவள் வேறு மாநிலத்தில் காலேஜ் படிக்கிறாள். அங்கே பேண்டில் சேரவில்லை. கிளாரினெட்டைப் பள்ளியிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டாள். போன வருடம் கிரீன் கார்டு வந்தது. இனி நாங்கள் எந்த ஊர் மைதானத்திலும் எந்தப் பக்கத்திலும் பயமில்லாமல் உட்காரலாம். அங்கே எங்களுக்குப் பார்க்கத்தான் யாருமில்லை.