செல்வலட்சுமியின் லினக்ஸ் குற்றம்

எம். புதுப்பட்டியில் அந்தப் பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் எது கெட்டாலும் செல்வலட்சுமிதான் காரணம். வாரம் ஒரு வைரஸ் பிடித்துக் கிடந்த கம்ப்யூட்டரில் மூன்று வருஷத்துக்கு முன்னால் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்ட பாவம். வைரஸ் போனதை யாரும் கவனிக்கவில்லை. மின்விசிறி நின்றால்கூட "அந்தப் புள்ள போட்ட லினக்ஸ்" என்றார்கள்.

அவள் குடும்பத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவள். அன்று அந்த நாற்காலி ஆடியது. தீபாவளி லேபிள் டிசைன்கள் இருந்த ஹார்ட் டிஸ்க், எதைத் திறந்தாலும் எரர் காட்டியது.

"பன்னெண்டு மணிக்கு அச்சாபீஸ் ஆள் வாரான். டிசைன் இல்லைன்னா லினக்ஸத் தூக்கிட்டு நீயும் கெளம்பும்மா" என்றார் முதலாளி சீனிவாசகம். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் நிபுணர். ஆன் பட்டன் எங்கே என்று தெரியும்.

செல்வலட்சுமி பதறி ரிப்பேர் கட்டளை எதையும் ஓட்டவில்லை. எந்தப் பாகம் எப்போது தகராறு செய்தது என்று லினக்ஸ் எழுதிவைக்கும் கர்னல் பதிவைப் படித்தாள். டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையை எடுத்தாள். கெட்டுப்போன இடம் பூஜ்யம். தகவல் வரும் வழியில் ஏற்பட்ட பிழை மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அப்படியானால் டிஸ்க் நலம், கேபிளில்தான் கோளாறு.

பெட்டியைத் திறந்தாள். டிஸ்க் பருத்தி நூலில் தொட்டில் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்க்ரூகூட இல்லை.

"இருளாண்டி மாமா, ஸ்க்ரூவெல்லாம் எங்க?"

"நாந்தான் கழட்டுனேன்" என்றார் ஃபோர்மேன், பெருமையாக. "வெடிமருந்து இருக்குற எடத்துல இரும்பு ஆவாதுத்தா, பொறி பறக்கும். பித்தளை ஸ்க்ரூ கெடைக்கல, நூலப் போட்டுக் கட்டிட்டேன்."

"மருந்து ரூம் அந்தக் கோடியில இருக்கு. இந்தப் பெட்டியே இரும்புதான மாமா?"

இருளாண்டி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "அட, ஆமா!"

பெட்டிக்குள் இருந்த ஃபேன் சுழன்றபோதெல்லாம் டிஸ்க் ஆடி, கேபிளை இழுத்திருக்கிறது. செல்வலட்சுமி அவர் கழட்டிய நாலு ஸ்க்ரூவை வாங்கி முடுக்கி, வேறு கேபிள் மாட்டி, முதலில் டிசைன்களை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தாள். பிறகுதான் பழையதைச் சரிபார்த்தாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் சங்குசக்கர லேபிள் திரையில் மின்னியது.

"பாத்தியா, நா வைஞ்சதும் தானா வந்துருச்சு" என்றார் முதலாளி.

வேலை தப்பியது. அந்த மாதப் பாதுகாப்பு விருது இருளாண்டிக்கு: ஆபீஸ்வரை இரும்பை ஒழித்த அக்கறைக்காக. சான்றிதழை லினக்ஸில் அடித்துக் கொடுத்தவள் செல்வலட்சுமி. அதைச் சுவரில் மாட்ட மட்டும் எங்கிருந்தோ பித்தளை ஆணி கிடைத்துவிட்டது.